சம்பந்திக்கு இரண்டு கூடுதல்

ஏப்ரல் 19, ஞாயிறு. காத்மாண்டு

தினமும் என்ன சாப்பிட்டேன் என்று எழுதி வைக்கும்படி கோமதி இந்த டைரியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். ஊருக்குத் திரும்பியதும் படித்துப் பார்ப்பாளாம். என் வாய்ச்சொல்லில் என் மனைவிக்கு அவ்வளவு நம்பிக்கை. இத்தனைக்கும் நான் எடையளவு முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் காலத்தில் சங்கரன்கோவில் வட்டாரத்தில் பொய் சொன்ன தராசு மறுநாள் கடையில் இருந்ததில்லை.

காலை: வீட்டு இட்லி. மதியம்: விமானத்தில் ஏதோ கொடுத்தார்கள்.

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகிற இந்தப் பயணம் என் மகள் செண்பகாவும் மாப்பிள்ளை மிதுனும் தங்கள் ஐந்தாவது கல்யாண நாளுக்காகப் பதிவு செய்தது. இருவருக்கும் ஆபீசில் வேலை வந்துவிட்டதாம். கட்டிய பணம் திரும்பாது, அதனால் அப்பாக்கள் இருவரும் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அடிவாரம் என்றால் மலைக்குக் கீழே இருக்கும் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். அது ஐயாயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று பிறகுதான் சொன்னார்கள்.

ஆபீஸ் வேலை என்பது பொய். செண்பகா தை மாதத்திலிருந்து பெங்களூரிலேயே வேறு வீட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு இது தெரியாது. மலையில் தனியாக இருக்கும்போது அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, மகனைக் கண்டித்துக் குடும்பத்தைச் சேர்த்து வைக்கச் சொல்ல வேண்டும். கோமதி எனக்கு இட்டிருக்கும் வேலை இது. முகாம் போய்ச் சேருவதற்குள் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

சம்பந்தி மாலையில் வந்து சேர்ந்தார். சென்னியப்பன், உடுமலைப்பேட்டை, தென்னந்தோப்புக்காரர். உடுமலையிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக மூன்று நாள் பயணம். விமானத்தில் வந்திருக்கலாமே என்றேன்.

"நாலு ஊரு பாத்த மாதிரி இருக்குமுங்களே சம்பந்தி" என்றார்.

இரவு: ரொட்டி. சம்பந்தி முட்டை வேண்டாம் என்றார். சம்பந்தி விருந்துக்கு வந்தால் எங்கள் வீட்டில் கோழிக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். கேட்டதற்கு விரதம் என்றார்.

ஏப்ரல் 20, திங்கள். பக்டிங்

லுக்லாவுக்குச் சிறிய விமானம். விமானம் பறந்த நேரம் முழுக்கச் சம்பந்தி கண்ணைத் திறக்கவில்லை. மடியில் ஒரு சிறிய பையைக் கட்டிப் பிடித்திருந்தார். மற்ற மூட்டைகளைச் சுமைக்காரர் எடுத்துக்கொண்டார். இந்தப் பையை மட்டும் அவர் கொடுக்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் கையை வீசிக்கொண்டு நடக்க, சம்பந்தி பை சுமப்பதா என்று நான் வற்புறுத்தி வாங்கித் தோளில் மாட்டினேன். துணிப்பை இருக்க வேண்டிய எடையைவிட முக்கால் கிலோ அதிகமாக இருந்தது. என் தோளுக்குத் தெரியும்.

வழிகாட்டி பெயர் பூர்பா. நாற்பது வயது இருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மூன்று வருடம் காவலாளியாக இருந்தாராம். தமிழ் நன்றாகவே வருகிறது. எங்களோடு பெங்களூர்ப் பையன்கள் ஆறு பேரையும் அவர்தான் கூட்டிப் போகிறார். நாங்கள் ஒருவரையொருவர் சம்பந்தி என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஒரே பேரா சார்?" என்றார். விளக்க மூச்சு இல்லை. ஆமாம் என்றேன்.

வழியில் ஒரு தொங்கு பாலம். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். "நீங்க முதல்ல போங்க சம்பந்தி" என்றேன். "அய்யோ, நீங்க போங்க" என்றார். "நல்லாருக்காது, நீங்க போங்க" என்றேன். அதற்குள் ஒரு கோவேறு கழுதைக் கூட்டம் வந்து முதலில் போனது. அது முடிவதற்குள் எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு கூட்டம். பூர்பா எங்கள் இருவரையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

சோறு, பருப்பு, கீரை. சம்பந்தியிடம் சொல்லவில்லை. முதல் நாளே சொல்வது அழகல்ல.

ஏப்ரல் 21, செவ்வாய். நாம்சே

ஏற்றம். சோறு, பருப்பு. சொல்லவில்லை.

ஏப்ரல் 22, புதன். நாம்சே

உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்காக இன்று ஓய்வு. ஓய்வு என்றால் ஒரு மலையில் ஏறி இறங்குவது.

மாலையில் பூர்பா விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் கொண்டு வந்தார். கொரோனாவில் எல்லார் வீட்டிலும் இருந்ததே, அதுதான். எனக்குத் தொண்ணூறு. சம்பந்திக்கு எண்பத்தேழு. பூர்பா எண்களைச் சத்தமாகச் சொன்னார். பையன்கள் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். சம்பந்தியின் முகம் சின்னதாகிவிட்டது. வருடா வருடம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர். நான் வீட்டு மாடிக்குப் போவதென்றாலே யோசிப்பவன். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. ஏதோ பந்தியில் அவரை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தது போல.

நான் அளவுத் துறையில் இருந்தவன் என்று சம்பந்தி பெருமையாகச் சொல்லப்போக, நாளையிலிருந்து எங்கள் இருவருக்கும் நானே பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று பூர்பா கருவியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

உயரத்துக்கான மாத்திரையைச் சம்பந்தி சாப்பிடவில்லை. "பழனிக்கு மாத்திரை போட்டுட்டா போறோமுங்க?" என்றார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. மற்றதையும் சொல்லவில்லை.

நூடுல்ஸ்.

ஏப்ரல் 23, வியாழன். தெங்போசே

எனக்கு எண்பத்தெட்டு, சம்பந்திக்கு எண்பத்தாறு. பூர்பா கூடத்தின் அந்தக் கோடியில் ஒரு பையனின் கால் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணைக் கேட்டார். "எனக்கு எண்பத்தெட்டு, சம்பந்திக்குத் தொண்ணூறு" என்றேன்.

இரண்டு கூடுதல். என் எண்ணைவிட இரண்டு, பெரிய விஷயமில்லை. மொய் வைக்கும்போது ஒரு ரூபாய் சேர்த்து வைப்பதில்லையா? சம்பந்தி தன் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து டீ கேட்டார். கல்யாணத்தன்று செண்பகாவின் காலில் மிஞ்சி போட்டு முடிந்ததும் அவர் இப்படித்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உருளைக்கிழங்கு. சொல்லவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி. டிங்போசே

மரங்கள் முடிந்துவிட்டன. குளிர் பல்லுக்குள் போகிறது.

எனக்கு எண்பத்து நான்கு, சம்பந்திக்கு எழுபத்தெட்டு. எண்பத்தாறு என்று சொன்னேன். நேற்று இரண்டு கொடுத்துவிட்டு இன்று பிடுங்கிக்கொள்ள முடியாது.

அறை முழுக்கத் தலைவலித் தைல வாசனை. தலை வலிக்கிறதா என்று கேட்டேன். "கொசுங்க, கடிக்குது" என்றார். இங்கே கொசு கிடையாது. ஆமாம், தொந்தரவுதான் என்றேன்.

சோறு, பருப்பு, அப்பளம். சம்பந்தியின் அப்பளமும் எனக்கு. அவருடைய சோற்றில் பாதியும் எனக்கே வந்தது.

ஏப்ரல் 25, சனி. டிங்போசே

மறுபடி ஓய்வு. இன்று சொல்லியே தீர்வது என்று காலையில் வெயிலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சம்பந்தி, பிள்ளைங்க விஷயமா ஒரு வார்த்தை..."

"அந்த மலை பேரு என்னங்க?" என்றார்.

"ஆமா தப்லாம்."

"நல்ல பேருங்க."

அதோடு பேச்சு முடிந்துவிட்டது. ஒரு மணி நேரம் அந்த மலையையே பார்த்தோம். எனக்கு மலை பிடிக்கவில்லை. செண்பகா கடைசியாக ஊருக்கு வந்தபோது சொன்னது ஞாபகம் வந்தது. அவன் குடிக்கிறானா என்று கேட்டேன், இல்லை என்றாள். அடிக்கிறானா என்றேன், சிரித்துவிட்டாள். "சண்டை போட்டாக்கூடத் தேவலைப்பா. காப்பி நல்லால்லன்னாலும் நல்லாருக்குன்னு குடிப்பாரு. நானும் அவரு வாங்கிட்டு வர்ற சேலை பிடிச்சிருக்குன்னு கட்டிக்கிடுவேன். அஞ்சு வருசமா ஒரு வீட்ல ரெண்டு விருந்தாளிங்க இருக்கோம்" என்றாள். இதெல்லாம் ஒரு காரணமா என்று கோமதி கத்தினாள். எனக்கும் அப்போது விளங்கவில்லை.

மதியம் சம்பந்தி சுவருக்குப் பின்னால் வாந்தியெடுத்தார். என்னைப் பார்த்ததும் பல் தேய்த்தேன் என்றார். தண்ணீர் கொடுத்தேன். இந்த ஊர்ப் பற்பசை சரியில்லை என்றேன்.

பூண்டு சூப். எனக்கு எண்பத்தைந்து. சம்பந்திக்கு எண்பத்தேழு என்று சொன்னேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு. லொபுசே

வரும் வழியில் ஒரு மேடு. அங்கே மலையில் செத்தவர்களுக்குக் கற்களை அடுக்கி, கொடிகள் கட்டி வைத்திருக்கிறார்கள். பூர்பாவின் சித்தப்பாவுக்கும் அங்கே ஒரு கல் இருக்கிறது. பூர்பா அதைத் துடைத்துவிட்டு வந்தார். சம்பந்தி ஒரு கல்லில் சாய்ந்து உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். எழுப்பினால் எழவில்லை. இரண்டாம் முறை எழுந்தார். பையன்கள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். 

கோமதி, நீ இதைப் படிப்பாய். அதனால் உள்ளபடி எழுதுகிறேன். எனக்கு எண்பது. சம்பந்திக்கு எழுபத்தொன்று. விரல் சில்லிட்டிருக்கும் என்று தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினேன். எழுபத்தொன்று. இன்னொரு விரலில் மாட்டினேன். அதே எழுபத்தொன்று. கருவியில் கோளாறு இல்லை. கோளாறு எதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் அரசாங்கம் எனக்கு இத்தனை காலம் சம்பளம் கொடுத்தது.

பூர்பா கேட்டார். எண்பது, எண்பத்திரண்டு என்றேன்.

எழுபது பேர் முன்னால் இவருக்கு எழுபத்தொன்று என்று எப்படிச் சொல்வது? கூடத்தில் அவ்வளவு பேர் இல்லைதான், பதினைந்து பேர் இருப்பார்கள். இன்னும் ஒரு நாள்தானே. நாளை முகாமைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைக்கிறேன். பயமாக இருக்கிறது.

சாப்பிடவில்லை.

ஏப்ரல் 27, திங்கள். பெரிசே

காலையில் எல்லோரும் முகாமை நோக்கிப் புறப்பட வாசலில் நின்றோம். சம்பந்தி இடது காலில் வலது ஷூவைப் போட்டிருந்தார். மாற்றிப் போடச் சொன்னால், "ராசு, மூணாவது மரத்துல ஏறு, அதுலதான் காய் முத்திருக்குது" என்றார். ராசு அவர் தோப்பில் தேங்காய் பறிக்கிறவன். பூர்பா நெருங்கி வந்தார்.

"சம்பந்தி சார், நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கனுங்க" என்றார். அதை மட்டும் தெளிவாகச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல ஆமாம் என்று தலையாட்ட வேண்டிய இடம் அது.

"அவரு நல்லால்ல" என்றேன். "ரெண்டு நாளா வாந்தி. தலைவலி நாலு நாளா இருக்கு. நேத்து அவருக்கு எழுபத்தொண்ணு. நான்தான் கூட்டிச் சொன்னேன். தினமும் கூட்டித்தான் சொன்னேன்."

பூர்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தரையில் கைத்தடியால் ஒரு கோடு போட்டு அதன் மேல் நடக்கச் சொன்னார். சம்பந்தி இரண்டாவது அடியில் என் மேல் சாய்ந்தார்.

"உடனே கீழ போகணும்" என்றார் பூர்பா. ஹெலிகாப்டருக்குப் போன் செய்தார். பள்ளத்தாக்கு முழுக்க மேகம், வர முடியாது என்றார்கள். பையன்களை உதவி வழிகாட்டியோடு மேலே அனுப்பிவிட்டுக் குதிரை தேடப் போனார்.

சம்பந்தி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார். "நான் மேல போகோணும். பொண்ணக் குடுத்த வீட்டுக்காரரு பேசற பேச்சா இது? நாலு பேர் முன்னால என்னைய அவமானப்படுத்தறீங்களா?"

"ஆமா, அவமானந்தான். பொண்ணு குடுத்தவன்னு அஞ்சு வருசம் தலையாட்டியாச்சு. இன்னைக்கு ஆட்ட மாட்டேன். கைய எடுங்க" என்றேன். அவர் கையைத் தூணிலிருந்து நானே பிரித்தெடுத்தேன். ஐந்து வருடத்தில் கும்பிடுவதைத் தவிர வேறு எதற்கும் அந்தக் கை பக்கம் போனதில்லை.

குதிரையில் ஏற்றி, ஒரு பக்கம் பூர்பாவும் ஒரு பக்கம் நானும் பிடித்துக்கொண்டு இறங்கினோம். முதலில் யார் போவது என்ற கேள்வி எங்கும் எழவில்லை. ஓரிடத்தில் நான் சறுக்கி விழுந்ததில் அவருடைய பை திறந்துகொண்டது. உள்ளே மஞ்சள் துணியில் சுற்றி ஒரு தேங்காய். குடுமி கலையாத சாமித் தேங்காய். துணியின் முனையில் காசு முடிந்திருந்தது. உள்ளே தண்ணீர் உறைந்து காய் நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது.

மூன்று நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்தது எதற்கு என்று அப்போது தெரிந்தது. பெரிய விமானத்தில் தேங்காய் விடுவார்களோ மாட்டார்களோ என்ற சந்தேகம். பையைப் பழையபடி கட்டித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

பெரிசேயில் ஒரு சிறிய மருத்துவமனை இருக்கிறது. ஆக்சிஜன் வைத்து ஊசி போட்டார்கள். டாக்டர் இளம்பெண். மூளையில் நீர் கோத்திருக்கிறது என்றார். இன்று மேலே போயிருந்தால் என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வெளியே போய் அழுதேன்.

பிஸ்கட்.

ஏப்ரல் 28, செவ்வாய். பெரிசே

சம்பந்தி தெளிந்துவிட்டார். கஞ்சி குடித்தார். நானே ஊட்டினேன், ஸ்பூன் பிடிக்க இன்னும் வரவில்லை.

"எழுபத்தொண்ணுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியுமுங்க. கண்ணு நல்லாத்தானுங்களே இருக்குது."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க மரியாதைக்குச் சொல்றத நான் எப்படீங்க இல்லைங்கறது?"

கொஞ்ச நேரம் கழித்து அவரே தேங்காயைப் பற்றிப் பேசினார். ஊரில் ஐயன் மலையில் விடலைத் தேங்காய் போடுவதாக வேண்டிக்கொள்ளப் பார்த்தாராம். பிறகு பிள்ளைகள் போக இருந்த இடத்திலேயே போய் உடைத்தால் பலிக்கும் என்று தோன்றியதாம்.

"என்ன வேண்டுதல்?"

"ரெண்டும் ஒண்ணாவே இருக்கோணும்னுதானுங்க. வேற என்னங்க எனக்கு."

"அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"என்ற பையன் தையிலயே சொல்லிட்டானுங்க."

"பத்து நாளா நான் எப்படிச் சொல்லுறதுன்னு முழிச்சுக்கிட்டு இருக்கேன். நான் பேச வந்தா மலை பேரு கேக்கீங்க."

"நீங்க சொல்லிட்டா நான் ஆமாங்கணும். சொல்லாத வரைக்கும் நாம சம்பந்திங்கதானுங்களே" என்றார். "எனக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்லீங்க. ஒரு நல்லது கெட்டதுன்னா போன் பண்றதுக்கு நீங்க ஒருத்தருதான்."

எனக்கும் அப்படித்தான். ஆனால் அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் போர்வையைக் கால் வரை இழுத்துவிட்டேன்.

கஞ்சி.

ஏப்ரல் 30, வியாழன். நாம்சே

மெதுவாக இறங்கி வந்தோம். இங்கே போன் நன்றாக எடுக்கிறது. செண்பகா பேசினாள்.

"அம்மா உங்கள எதுக்கு அனுப்பினாங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா. மாமாகிட்ட பேசிட்டீங்களா?"

"இல்ல. பேசப் போறதுமில்ல."

 "போன வியாழக்கிழமை கோர்ட்டுல மனு குடுத்துட்டோம்ப்பா. ரெண்டு பேருமாத்தான் போனோம். திரும்பி வரும்போது அவருதான் எனக்குக் கார்க்கதவைத் திறந்துவிட்டாரு. நான் தேங்க்ஸ் சொன்னேன்" என்று சொல்லி அழுதாள்.

போன வியாழக்கிழமைதான் நான் முதல்முறை இரண்டு கூட்டிச் சொன்னது.

"அழு தாயி" என்றேன். "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய். யாரு மூஞ்சியும் பாக்காத. என் மூஞ்சியும் பாக்காத. அம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன்." கோமதி, இதைப் படித்துக் கோபப்படுவாய். நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

போனில் பேசியதைச் சம்பந்தியிடம் மறைக்காமல் சொன்னேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்று சொல்லவில்லை.

"இனிமேலு உங்கள நான் என்னன்னுங்க கூப்புடறது?"

"பூர்பாவுக்கு நம்ம ரெண்டு பேரு பேரும் சம்பந்திதான். அதையே வச்சுக்கிடுவோம்" என்றேன்.

பிறகு தேங்காயை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. விரிசல் விட்ட காயைச் சாமிக்கு உடைக்கக் கூடாது என்றார் சம்பந்தி. அப்படியானால் சட்னி அரைப்போம் என்றேன். அவர் மஞ்சள் துணியைப் பிரித்துக் காசை எடுத்து, துணியோடு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். காயை என்னிடம் தந்தார்.

விடுதிக்கார அம்மாள் அம்மி கொடுத்தார். பொட்டுக்கடலை இல்லை. பூர்பா எங்கிருந்தோ பச்சைமிளகாய் கொண்டு வந்தார். திருப்பூரில் இருந்தபோது சட்னிக்காகவே டிபன் கடைக்குப் போவாராம். உருளைக்கிழங்கைத் துருவி மாவோடு சேர்த்து அடை மாதிரி ஒன்று இங்கே சுடுகிறார்கள். அதற்குத் தொட்டுக்கொண்டோம்.

சம்பந்தி ஒரு வாய் சாப்பிட்டார். வழக்கப்படி பிரமாதம் என்று சொல்வார் என்று பார்த்தேன்.

"காரம் பத்தலைங்க" என்றார்.

ஐந்து வருடமாக எங்கள் கைப்பக்குவத்தில் அவர் சொன்ன முதல் குறை இது. எழுந்து போய் இரண்டு மிளகாய் வைத்து மறுபடி அரைத்தேன். சந்தோஷமாக இருந்தது.

மாலை ஆக்சிமீட்டர்: எனக்குத் தொண்ணூறு, சம்பந்திக்கு எண்பத்தாறு. அப்படியே சத்தமாகச் சொன்னேன்.

சாப்பிட்டது: அடை நான்கு, தேங்காய்ச் சட்னி. சம்பந்தி சாப்பிட்டது ஆறு. என்னைவிட இரண்டு கூடுதல். இது நிஜம்.